சரிபார்க்கும் ரத்தம்

அந்த லேப்பில் ஷிஃபாவின் ரத்தத்துக்குத் தனி மரியாதை இருந்தது.

ராஜபாளையத்தில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்த சின்ன லேப். மொத்தம் மூன்று பேர். சொந்தக்காரர் வைகுண்டராஜ் சார், ரத்தம் எடுக்கும் ஈஸ்வரி அக்கா, மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் ஷிஃபா. மெஷினுக்குப் புது மருந்து மாற்றும்போது அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க மதுரையிலிருந்து 'கண்ட்ரோல்' என்று ஒரு குப்பி வரும். உள்ளே இருப்பதன் அளவுகள் அதன் அட்டையிலேயே அச்சாகியிருக்கும். மெஷினும் அதையே சொன்னால் மெஷின் சரி. குப்பி தீர்ந்து அடுத்தது வரத் தாமதமானால், சார் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு சொல்வார்.

"நார்மலைக் கூப்பிடு."

ஷிஃபா கையை நீட்டுவாள். ஈஸ்வரிக்குச் சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. சாரைக் கேட்டால், "எனக்கு ரத்தமா ஓடுது, மாத்திரைதான் ஓடுது" என்பார். மிச்சம் இருப்பது இவள்தான். இருபத்திரண்டு வயது, ஒரு நாள் லீவு போட்டதில்லை, ஒல்லி. இவள் ரத்தம் எப்போதும் கட்டத்துக்குள் நிற்கும் என்பது லேப்பின் நம்பிக்கை. ஆரம்பத்தில் இரண்டு மூன்று முறை நிற்கவும் செய்தது. ஒரு வருடமாகக் கண்ட்ரோல் தட்டாமல் வந்துகொண்டிருந்ததால் யாரும் அவள் ரத்தத்தைக் கேட்கவில்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

வேலைக்குச் சேர்ந்த அன்று அவளுக்கு ரத்தம் எடுக்கவில்லை, எடைதான் பார்த்தார்கள். வாசலில் எடை மெஷின். அதற்கு மேலே சுவரில் உயரத்துக்கும் எடைக்கும் கட்டம் போட்டு வண்ணம் அடித்த ஒரு அட்டை. நடுவில் பச்சை. ஒரு பக்கம் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. மறுபக்கம் வெளிர்நீலம். சார் அவளை விளையாட்டாக மெஷினில் ஏற்றி, அட்டையில் விரலை ஓட்டி, மஞ்சளில் நிறுத்தினார்.

"ஆகா. நம்ம லேப்புக்கு வெயிட்டான ஆள் வந்தாச்சு."

ஈஸ்வரி சிரித்தாள். ஷிஃபாவும் சிரித்தாள். அன்று மதியம் டிபன் பாக்ஸைத் திறக்காமல் அப்படியே ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்குத் திரும்ப எடுத்துப் போனாள்.

ஆறு மாதத்தில் பச்சைக்கு வந்தாள். சார் கைதட்டினார். பெரியத்தா மகள் பர்வீன் கல்யாணத்தில் சொந்தக்காரப் பெண்கள் சுற்றி நின்றுகொண்டு, "என்னட்டி செஞ்ச, எங்களுக்கும் சொன்னா கொறஞ்சா போயிருவ?" என்று கேட்டார்கள். அவ்வளவு பேர் தன்னைப் பார்த்தது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. பிடித்தும் இருந்தது.

பச்சையில் நின்றிருக்கலாம். நிற்க முடியவில்லை. நீலத்துக்குள் போனாள். பிறகு அதற்குள்ளேயே போய்க்கொண்டிருந்தாள். மஞ்சளையும் சிவப்பையும் பார்த்து ஆளுக்கொரு புத்தி சொல்கிற ஊரில் நீலத்தைப் பார்த்து ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. தெருவில் கறுப்பு புர்கா, லேப்பில் அதன் மேல் வெள்ளைக் கோட்டு. உள்ளே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

நீலத்தில் எல்லாமே மெதுவாக நடந்தது. சத்தங்கள் ஒரு துணியைத் தாண்டி வந்தன. பேசுகிறவர்களின் உதடு முதலில் அசையும், பேச்சு செத்த நேரம் கழித்து வந்து சேரும். தலைசீவினால் சீப்பில் கற்றையாக முடி வந்தது. வெயிலிலும் விரல் நுனிகள் குளிர்ந்தன. சில நேரம் நெஞ்சுக்குள் ஒரு துடிப்பு வராமல் போய், அடுத்தது கனமாக விழும், குளத்தில் மீன் புரண்ட மாதிரி. பி.எஸ்ஸி. உயிர்வேதியியல் படித்தவள். அது ஏன் என்று அவளைக் கேட்டால் சமன்பாட்டோடு எழுதிக் காட்டுவாள். ஆனால் அந்தப் படிப்பு யாரோ ஒரு நோயாளியைப் பற்றியது என்றே அவளுக்குத் தோன்றியது.

ரமலான் வந்தபோது அவளுக்கு நிம்மதியாக இருந்தது. பகல் முழுக்க யாரும் எதையும் நீட்ட மாட்டார்கள். விடியுமுன் எழுந்து சாப்பிடும் சஹர் நேரத்தில், "தூக்கம் வருதும்மா, தண்ணி மட்டும் போதும்" என்றால் போதும். நோன்பு திறக்கும்போது எல்லாரோடும் உட்கார்ந்து கஞ்சி குடிப்பாள். வடையும் தின்பாள். பிறகு குளிக்கப் போவாள். குழாய்ச் சத்தத்தில் வேறு சத்தம் வெளியே கேட்காது. உள்ளே போனது எதுவும் தங்காது.

நோன்பு இதற்காக அல்ல என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் தொழுது முடித்ததும் துஆ கேட்காமல் பாயைச் சுருட்டிவிடுவாள். கேட்டால் எதைக் கேட்பது?

அம்மா நூர்னிசாவுக்கு ஒரே பெருமை. அத்தாவின் பாத்திரக்கடைக்கு வருகிற பெண்களிடம், "எம்புள்ள இன்னைக்கு வரைக்கும் ஒண்ணு விடல" என்பாள்.

அன்றைக்கு இருபத்திரண்டாவது நோன்பு.

காலை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் பின்னால் போய்ச் சிறியதாகி, வெள்ளைக் கோடாகி, தென்னைகளுக்குள் மறைந்தது. மேற்கே மலை. மாசி முடிகிற நேரத்துப் புகைமூட்டத்தில் அது மலையாக இல்லாமல் யாரோ தண்ணீரில் தொட்டு வரைந்த மாதிரி இருந்தது. ராஜபாளையத்துக்குள் நுழைவதற்கு முன் ஒரு வெட்டவெளியில் கட்டுத்துணி காயப் போட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற வெள்ளைத் துணி, வரிசை வரிசையாக, ஆளுயரத்துக்கு. வெயில் அதில் நிற்காமல் ஊடுருவிப் போனது. ஷிஃபா தினமும் அந்த இடத்துக்காகக் காத்திருப்பாள். தானும் அப்படி ஆகிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்வாள். இன்னும் கொஞ்சம். வெயில் தன் வழியாகவும் தடையில்லாமல் போகும்.

அன்று அந்த நினைப்பிலேயே கண் சொருகிவிட்டது. கண்டக்டர் வந்து கம்பியில் தட்டியபோது பஸ்ஸில் யாரும் இல்லை.

லேப் படிக்கட்டில் இரண்டு முறை நின்றாள்.

பத்து மணிக்கு அழகுத்தாய் வந்தாள். வத்திராயிருப்பில் தேங்காய் உரிக்கிற பேட்டையில் வேலை பார்க்கிறவள். ஐம்பது வயது இருக்கும். பெரிய உடம்பு. கைப்பிடிக் கம்பியைப் பிடித்து இழுத்து இழுத்துத் தன்னை மேலே கொண்டுவந்து, பெஞ்சில் உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்.

"படிக்கட்டுலயே பாதி உசுர எடுத்துட்டீக. மீதிய ஊசில எடுக்கப் போறீகளாக்கும்."

"அஞ்சு மில்லிதான்க்கா எடுப்போம்" என்றாள் ஈஸ்வரி. "மொதல்ல எடை பாத்துருவோம், வாங்க."

"வேண்டாந் தாயி. பலகை ஒடஞ்சா எங்கிட்டல்லா கேப்பீக."

ஆனாலும் ஏறினாள். சார் உள்ளேயிருந்தே அட்டையை ஒரு பார்வை பார்த்தார். சிவப்பு. அவளுடைய சீட்டில் டாக்டர் சர்க்கரை, உப்பு, கிரியாட்டினின், பொட்டாசியம் எல்லாம் பார்க்கச் சொல்லி எழுதியிருந்தார். காலில் பலம் இல்லை, நெஞ்சு படபடப்பு என்று ஓரத்தில் குறிப்பு.

சோடியம், பொட்டாசியம் பார்க்கும் மெஷினுக்கு அன்று காலையில்தான் புது மருந்து மாற்றியிருந்தார்கள். கண்ட்ரோல் குப்பி மறுநாள்தான் வரும். முதல் ரத்தமே அழகுத்தாயுடையது. சோடியம் சரியாக இருந்தது. பொட்டாசியம் 2.8 என்று வந்தது. மூன்றரைக்குக் கீழே போகக்கூடாது.

சார் சீட்டைத் தூக்கிப் பிடித்தார். "இந்த உடம்புக்கா? சாப்பாட்டுக்கா பஞ்சம்? மறுபடி போடு."

மறுபடி போட்டாள். 2.8.

"மெஷின்ல ஏதோ கோளாறு. நார்மல், வா இங்க."

ஷிஃபாவுக்கு அந்தப் பேச்சு வந்து சேரக் கொஞ்ச நேரம் ஆனது.

"சார், நோன்பு" என்றாள்.

"டெஸ்டுக்கு எடுத்தா நோன்பு முறியாதுன்னு போன வருஷம் நீதானட்டி சொன்ன" என்று ஈஸ்வரி ரப்பர் கட்டோடு வந்துவிட்டாள். கோட்டின் கையை மேலே ஏற்றியவள் ஒரு நொடி நின்றாள். முழங்கைக்குக் கீழே பூனைமயிர் அடர்த்தியாக, சாம்பல் நிறத்தில் படர்ந்திருந்தது. கட்டு இரண்டு சுற்று போய் மூன்றாவது சுற்றுக்கும் மிச்சம் இருந்தது. ஈஸ்வரி எதையோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் சார் குரல் கொடுத்தார். குத்தி எடுத்தாள்.

ரத்தக்குழாயைச் சுழலும் மெஷினில் வைத்துவிட்டு ஷிஃபா அதன் மூடியில் கைவைத்து நின்றாள். உள்ளே அவளுடைய ரத்தம் சுற்றிக்கொண்டிருந்தது. சிவப்பு கீழே போகும், மஞ்சள்நீர் மேலே வரும். மூடியின் அதிர்வு உள்ளங்கை வழியாகத் தோளுக்கு வந்து, இதமாக இருந்தது. இப்படியே நின்றுகொண்டிருக்கலாம் போலிருந்தது.

சோடியம் சரி. பொட்டாசியம் 2.6.

"பாத்தியா" என்றார் சார். அவர் குரலில் ஒரு நிம்மதி. "உனக்கே ரெண்டு புள்ளி ஆறு காட்டுது. பொட்டாசியம் எலக்ட்ரோடு போச்சு. ஈஸ்வரி, அந்த அம்மாவை நாளைக்கு வரச் சொல்லு. எஞ்சினியருக்குப் போன் போடுதேன். தப்பு ரிப்போர்ட் குடுத்துப் பேரைக் கெடுத்துக்க முடியாது."

ஈஸ்வரி வேறொருவருக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாள். அதனால் ஷிஃபாதான் வெளியே போனாள்.

அழகுத்தாய் பெஞ்சில் சரிந்து உட்கார்ந்திருந்தாள். காலை நீட்டி, தன் தொடையைத் தானே குத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மெஷின் சரியில்லைம்மா. நாளைக்கு வரணும்."

"நாளைக்கா? இன்னைக்கு வந்ததே மருமக ரெண்டு கையால பஸ்ஸுக்குள்ள தள்ளிவிட்டுல்லா." அழகுத்தாய் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "ஏட்டி, நீ சாப்பிடுதியா இல்லையா? காத்தடிச்சாப் பறந்துருவ போலுக்கே."

"நோன்பும்மா."

"நோன்பு பகலுக்குத்தான. ராத்திரி ஆரு கையப் புடிச்சா?"

ஷிஃபா பெஞ்சில் உட்கார்ந்தாள். நிற்க முடியாததால்தான் உட்கார்ந்தாள். அழகுத்தாய் அதை அன்பு என்று எடுத்துக்கொண்டு, குரலைத் தணித்தாள்.

"டாக்டரம்மாட்டச் சொல்லிராத. கால் வீக்கத்துக்கு நீர் மாத்திரை குடுத்தாக, காலையில ஒண்ணு. ஒண்ணு போட்டதுக்கே ரெண்டு கிலோ எறங்கிச்சு. சரி, ரெண்டாப் போட்டா வெரசா எறங்கும்லா? காலையில ரெண்டு, சாயங்காலம் ரெண்டு. பேட்டையில எல்லாவளும் என்னை உருட்டி வெளையாடுதாளுக தாயி, தேங்காயோட தேங்காயா எண்ணிருவோம்னு. மெலிஞ்சு காட்டணும்னு ஒரு வீம்பு." தொடையை மறுபடி குத்தினாள். "எறங்கத்தான் செய்யுது. ஆனா கால் நனஞ்ச துணியாக் கெடக்கு. நெஞ்சுக்குள்ள என்னமோ புரளுது."

ஷிஃபாவின் நெஞ்சிலும் அந்த நேரம் ஒன்று புரண்டது.

சுவர், அட்டை, ஜன்னல் வெளிச்சம் எல்லாம் பின்வாங்கிப் போய் நின்றன. அந்த வெண்மையில் இரண்டு எண்கள் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. 2.8. 2.6. மெஷின் ஒன்றும் பொய் சொல்லவில்லை. இந்த அம்மா இப்போது பஸ் ஏறுவாள். சாயங்காலம் இரண்டு மாத்திரை போடுவாள். நாளைக்குக் காலை மறுபடி இரண்டு. அதற்குள் அந்தப் புரளல் நின்றுவிடலாம். புரளல் நின்றால் எல்லாமே நிற்கும்.

உள்ளே போனாள்.

"சார், அந்த அம்மா நீர் மாத்திரையை ரெண்டு ரெண்டாப் போடுறாங்களாம். ரெண்டு வேளையும். நிஜமாவே குறைஞ்சிருக்கும்."

சார் போனைக் காதிலிருந்து எடுத்தார். "அப்படியா? இருக்கலாம். ஆனா மெஷின் உனக்கும் கம்மியாத்தானம்மா காட்டுது. உனக்கு எப்படிக் குறையும்?"

அவர் நிஜமாகவே கேட்டார். சந்தேகமே இல்லாத முகம். தெரியலை சார் என்றால் போதும். அவர் தலையாட்டிவிட்டுப் போனைத் திரும்பக் காதில் வைத்துக்கொள்வார். அவள் மீண்டும் அந்த வெள்ளைத் துணிகளுக்கு நடுவில் போய் நின்றுகொள்ளலாம். அங்கே யாரும் வரமாட்டார்கள். அங்கே ஒன்றும் வலிக்காது.

"ஷிஃபா?"

"மெஷின் சரியாத்தான் இருக்கு சார்."

"அதெப்படிச் சொல்லுத?"

"என் ரத்தந்தான் சரியில்ல. எனக்கும் ரெண்டு புள்ளி ஆறுதான் இருக்கும். நான்..." வாக்கியம் அங்கேயே நின்றது. அவள் வேறு வாக்கியம் எடுத்தாள். "அவங்களை வீட்டுக்கு அனுப்பாதீங்க சார்."

ஈஸ்வரி ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு வந்தாள். ஷிஃபாவின் மணிக்கட்டைப் பிடித்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு நிமிடம் முழுக்க எண்ணினாள். எண்ணி முடித்தபோது அவள் முகம் மாறியிருந்தது.

"நாப்பத்தி ரெண்டு சார்."

சார் கண்ணாடியைக் கழற்றினார். வாசலிலிருந்த வண்ண அட்டையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். ஒருவேளை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தாரோ என்னவோ. "ஆட்டோவைக் கூப்பிடு ஈஸ்வரி" என்றார். "ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போ. நான் டாக்டருக்குப் பேசுதேன்."

ஆட்டோவில் ஈஸ்வரி நடுவில் உட்கார்ந்தாள். அழகுத்தாய் ஒருபுறம், ஷிஃபா மறுபுறம். விஷயம் தெரிந்ததும் அழகுத்தாய் குனிந்து ஈஸ்வரியைத் தாண்டி எட்டிப் பார்த்தாள்.

"நமக்கு ஒரே நம்பராட்டி?"

"கிட்டத்தட்ட" என்றாள் ஷிஃபா.

"நான் தேங்கா மூட்டை, நீ தேங்கா நாரு. ரெண்டுக்கும் ஒரே சீக்கு. நல்லாத்தான் இருக்கு கூத்து."

ஈஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஷிஃபாவுக்குக் கடைகள் மெதுவாக நகர்வது தெரிந்தது. ஒரு பூக்கடை, வாழைத்தார், சைக்கிள் டயர்கள். ஒவ்வொன்றும் பக்கத்தில் வந்து, முகம் காட்டி, விலகிப் போனது. தன் மணிக்கட்டை ஈஸ்வரி இன்னும் விடவில்லை என்பதை அவள் வெகுநேரம் கழித்துத்தான் உணர்ந்தாள்.

டாக்டர் அம்புஜவல்லி அதிகம் பேசாதவர். நெஞ்சில் வயர்களை ஒட்டி, நீளமாக வந்த இ.சி.ஜி. தாளை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அழகுத்தாயை அடுத்த அறையில் படுக்க வைத்து, கையில் சலைன் ஏற்றச் சொன்னார். பிறகு ஷிஃபாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மாதவிலக்கு எப்ப கடைசியா வந்தது?"

"போன ரமலானுக்கு முன்னாடி."

"சாப்பிடாம இருந்தா மட்டும் பொட்டாசியம் இவ்வளவு இறங்காது. வாந்தி எடுக்கிறியா?"

ஷிஃபா கூரையைப் பார்த்தாள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதன் இறக்கைகளைத் தனித்தனியாகப் பார்க்க முயன்றாள்.

"சொன்னாத்தான் மருந்து போட முடியும்" என்றார் டாக்டர். "இந்தத் தாள்ல உன் இதயம் எழுதியிருக்கிறதை நான் படிச்சிட்டேன். ராத்திரி தூக்கத்துல நின்னு போற இதயம் இப்படித்தான் எழுதும். ஒல்லியா இருக்கிறவங்களுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு யாரும் உனக்கு எழுதிக் கொடுக்கலையே?"

"எழுதிக் கொடுக்கல" என்றாள் ஷிஃபா. பிறகு, "ஆமா" என்றாள். வாந்தியைப் பற்றிக் கேட்டதற்கான பதில் அது என்று டாக்டருக்குப் புரிந்தது.

நோன்பை இப்போதே திறக்க வேண்டும் என்றார். பொட்டாசியம் மருந்து ஒரு சின்ன அளவுக்கோப்பையில், ஆரஞ்சு நிறத்தில் வந்தது. ஷிஃபா அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உயிர் காக்கிற மருந்து. அதில் இனிப்பு இருக்கும் என்பதுதான் மனதில் முதலில் ஓடியது. எவ்வளவு இனிப்பு என்று கணக்குக்கூடப் போட்டுவிட்டாள். தன் தலைக்குள் இருப்பது இன்னொருத்தி என்று அந்தக் கணத்தில் தெளிவாகத் தெரிந்தது. அவள் கெட்டிக்காரி. ஆனால் அவளுக்கு இந்த உடம்பு செத்தாலும் பரவாயில்லை.

கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். உப்பும் கசப்புமாக இருந்தது.

மதியம் இரண்டு மணிக்கு நூர்னிசா வந்தாள். ஈஸ்வரி போனில் 'மயக்கம்' என்று மட்டும்தான் சொல்லியிருந்தாள். கையில் பெரிய எவர்சில்வர் தூக்கு. பிள்ளைக்கு மயக்கம் என்றதும், தானும் நோன்பு என்பதை மறந்து, நெய்ச்சோறும் கறியும் ஆக்கி எடுத்துக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறாள். ஈஸ்வரி நாற்காலியை விட்டு எழுந்தாள்.

டாக்டர் தூக்கைத் திறந்து பார்த்து, மூடி, எட்ட வைத்தார்.

"இது இன்னைக்கு வேண்டாம்மா. ரொம்ப நாள் பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரேயடியாச் சாப்பாடு கொடுத்தா, அதுவே இதயத்தை நிறுத்திரும். கொஞ்சம் கொஞ்சமாத்தான். நாங்க அளந்து கொடுப்போம்."

"பட்டினியா?" நூர்னிசா சிரிக்கப் பார்த்தாள். "நோன்புதான் டாக்டரம்மா. தினமும் எங்ககூட உக்காந்துதான் தெறக்கா. இருபத்திரெண்டு ஆச்சு, ஒண்ணு..."

அங்கே நின்றாள்.

வயதுக்கு வந்த பெண் உள்ள வீட்டில் முப்பது நோன்பும் தொடர்ச்சியாக வராது. நடுவில் மாதவிலக்கான சில நாள் விட்டுப்போகும். அந்த நாட்களில் அடுப்படியில் ஒரு தட்டு சத்தமில்லாமல் புழங்கும். ஆம்பிளைகள் பார்க்காத மாதிரி இருப்பார்கள், பெண்கள் பேச மாட்டார்கள். விட்டதைப் பெருநாளுக்குப் பொறவு பிடித்துக்கொள்வார்கள். நூர்னிசாவே இந்த ரமலானில் ஆறு விட்டிருந்தாள். மகள் இந்த வருடம் விடவில்லை. போன வருடமும் விடவில்லை. போன வருடமும் அதை ஊரெல்லாம் சொல்லியிருந்தாள்.

"ரெண்டு வருஷமா நான்தான எண்ணுனேன்" என்றாள் நூர்னிசா. யாரிடமும் சொல்லவில்லை, தூக்கைப் பார்த்துச் சொன்னாள். "விரல் விட்டு எண்ணுனேன். ஏன் விடலைன்னு கேக்கத் தோணலையே எனக்கு."

டாக்டர் ஷிஃபாவைப் பார்த்தார். ஈஸ்வரி சத்தமில்லாமல் வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

லேப்பில் சொன்னதைவிட இது கஷ்டமாக இருந்தது. அங்கே ஒரு எண்ணைத்தான் சொன்னாள். இங்கே அம்மா ஆக்கிய கஞ்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

"அம்மா. நான் சாப்பிடுறது நெசம். ஆனா உள்ள வச்சிக்கிறதில்ல. குளிக்கப் போறப்ப..."

அம்மா புரிந்துகொள்ளும்வரை ஷிஃபா காத்திருந்தாள். அது ஒரு முகத்தில் மெதுவாக இறங்குவதை அவள் பார்த்ததே இல்லை. அம்மா திட்டுவாள், அல்லது அழுவாள் என்று நினைத்திருந்தாள். நூர்னிசா இரண்டும் செய்யவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, மகளின் கோட்டுக் கையை முழங்கைவரை ஏற்றினாள். அந்தச் சாம்பல் மயிரைத் தடவினாள். பிறந்தபோது இருந்தது இது, மாவு தேய்த்து எடுத்தோம் என்றாள்.

"குளிருக்கு உடம்பு தானாப் போத்திக்கிறது அது" என்றாள் ஷிஃபா.

"உனக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சும்தான்."

சாயங்காலம் வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைச் சுவரில் வரைந்து, கொஞ்சம் கொஞ்சமாக அழித்தது. சலைன் சொட்டுச் சொட்டாக இறங்கியது. அடுத்த அறையிலிருந்து அழகுத்தாயின் குரல் கேட்டது. நர்சிடம் வத்திராயிருப்புக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். இன்றைக்குப் போகமுடியாது என்றதும், "அப்பம் சோத்தையாவது நெறையாப் போடுங்க" என்றாள். இ.சி.ஜி. மறுபடி எடுத்தார்கள். சற்றுப் பரவாயில்லை என்றார் டாக்டர். நான்கு நாளாவது இருக்க வேண்டும், மதுரையிலிருந்து வாரம் ஒருமுறை வருகிற மனநல டாக்டரையும் பார்க்க வேண்டும், இது ஒரு வாரத்தில் போகிற விஷயம் இல்லை என்றார். நூர்னிசா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

எங்கோ ஒரு பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. நூர்னிசா ஆஸ்பத்திரித் தண்ணீரால் தன் நோன்பைத் திறந்தாள். நர்ஸ் ஒரு கிண்ணத்தில் கஞ்சி கொண்டுவந்தாள். அளந்த கஞ்சி, கிண்ணத்தில் கால்வாசி கூட இல்லை.

ஷிஃபா கரண்டியை எடுத்தாள். முதல் வாய் வெறும் சூடாக இருந்தது. இரண்டாவதில் உப்பு தெரிந்தது. நாலைந்து கரண்டிக்கு அவளுக்கு அரைமணி நேரம் ஆனது. நூர்னிசா ஊட்ட வரவில்லை. கையை மடியில் கட்டிக்கொண்டு, கிண்ணத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தால் நின்றுவிடும் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருந்த மாதிரி.

முடிந்ததும் அது வந்தது. வரும் என்று ஷிஃபாவுக்குத் தெரியும். வயிற்றில் கல்லை வைத்த மாதிரி ஒரு பாரம், அதைவிட மேலே, தொண்டைக்குப் பின்னால், அந்தக் கெட்டிக்காரியின் குரல். எழுந்திரு. ரெண்டு நிமிஷம். யாருக்கும் தெரியாது.

அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, ஏதாவது பேசு."

"என்ன பேச?"

"எதையாவது. ஒரு மணி நேரத்துக்குப் பேசு. நிறுத்தாம."

நூர்னிசா யோசித்தாள். இந்த மாதிரி ஒரு வேலையை யாரும் அவளுக்குக் கொடுத்ததில்லை. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, கடைக்கு நேற்று வந்த ஒரு ஆளைப் பற்றி ஆரம்பித்தாள். குக்கர் வாங்க வந்தவன். மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தானாம். அத்தா பொறுமை இழந்து, பொண்ணு பாக்கிற மாதிரி பாக்காதீக பாய் என்றாராம். அவன் கோபித்துக்கொண்டு போய், எதிர்க்கடையில் வெயிலில் நின்றுகொண்டு இந்தக் கடையையே பார்த்தானாம்.

"பொறவு?"

"பொறவு என்ன, அவம் பொண்டாட்டி வந்தா."

நெஞ்சுக்குள் ஒரு துடிப்பு தவறி, அடுத்தது விழுந்தது. ஷிஃபா அதை எண்ணவில்லை. அம்மாவின் குரல் இன்று துணியைத் தாண்டி வரவில்லை. உதடு அசையும்போதே வந்தது. அவள் கம்பியை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். ஜன்னலில் வெளிச்சம் முழுக்கப் போய்விட்டது. யாரோ விளக்கைப் போட்டார்கள். அந்த ஆளின் மனைவி குக்கரை வாங்காமல் அண்டா ஒன்றுக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரம் ஆக இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது.